குதிரை கொடுத்த நடை

1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு டென்மார்க்கிலிருந்து வந்திருந்த லிஸ் ஹார்டெலைக் குதிரைமேல் ஏற்றிவிட ஆள் வேண்டியிருந்தது. இறக்கிவிடவும் ஆள் வேண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே அவருடைய கால்கள் செயலிழந்து எட்டு வருடம் ஆகப்போகிறது. 1944 செப்டம்பரில், 23 வயதில், இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. தாய் தவழப் பழகினார், ஊன்றுகோலில் நிற்கப் பழகினார், பிறகு மறுபடியும் குதிரை ஏறினார். 1947இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் போட்டியில் இரண்டாம் இடம்.

அவர் கலந்துகொண்டது டிரஸ்ஸாஜ் என்ற போட்டி. வேகத்துக்கு அங்கே மதிப்பில்லை. குதிரையை அளந்து நடக்கவும், வட்டமிடவும், பக்கவாட்டில் நகரவும், அசையாமல் நிற்கவும் வைத்துக் காட்ட வேண்டும். அதுவரை ஒலிம்பிக் குதிரையேற்றம் ராணுவ அதிகாரிகளுக்கே உரியதாக இருந்தது. 1948இல் லண்டனில் குழுத் தங்கம் வென்ற சுவீடன், தன் வீரர்களில் ஒருவர் முறையான அதிகாரி இல்லை என்பது வெளியே வந்ததும் பதக்கத்தையே பறிகொடுத்தது. அந்த விதி தளர்ந்து, பெண்களும் சேரலாம் என்றான முதல் ஒலிம்பிக் ஹெல்சிங்கி. ஆண்களோடு சரிசமமாகப் போட்டியிட்டு லிஸ் வெள்ளி வென்றார். 1956இல் மறுபடியும் வெள்ளி. இரண்டு முறையும் அதே குதிரைதான். பெயர் ஜூபிலி.

ஒரு சவாரிக்காரர் குதிரையோடு பேசுவது பெரும்பாலும் காலால். கெண்டைக்காலை விலாவில் லேசாக அழுத்தினால் முன்னே போ என்று பொருள், ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் விலகு என்று பொருள். லிஸ்ஸுக்கு அந்த மொழி கைவிட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்தவை இடுப்பின் எடையும் முதுகின் சாய்வும்தான். எடை வலப்பக்கம் கொஞ்சம் கூடினால் என்ன அர்த்தம், முதுகு பின்னுக்குச் சாய்ந்தால் என்ன அர்த்தம் என்பதை ஜூபிலி படித்துக்கொண்டது. பதக்கம் வாங்கியவரைப் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. நான் பின்தொடர விரும்புவது அந்தப் பெண்குதிரையின் முதுகிலிருந்து கிளம்பிய நடையை. அது எங்கெல்லாம் போயிற்று, போகும் வழியில் எதுவாக மாறிற்று, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவாரத்துக்கு வந்தால் அங்கே அதற்கு என்ன வேலை இருக்கும் என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் நடையைப் பார்ப்போம். நிதானமாக நடக்கும் குதிரை நான்கு தாளத்தில் நடக்கிறது: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். ஒவ்வொரு பின்னங்காலும் தரையை உந்தும்போது அதன் முதுகு முன்னும் பின்னும் சாய்கிறது, பக்கவாட்டில் ஏறி இறங்குகிறது, கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. இந்த மூன்று அசைவும் மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு அப்படியே வந்து சேரும். மனிதன் தன் காலால் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இதே விதம்தான். நிமிடத்துக்கு 90 முதல் 110 அடி. அதாவது பிறந்ததிலிருந்து ஓரடிகூட நடக்காத ஒரு பிள்ளை, அரைமணி நேரம் குதிரைமேல் உட்கார்ந்தால், நடப்பது இடுப்புக்கு எப்படித் தெரியும் என்பதை ஏறத்தாழ மூவாயிரம் தடவை உணர்கிறது. எந்தப் பயிற்சி மேசையிலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் தன் இரு கைகளால் அத்தனை தடவை, அத்தனை சீராக, மூன்று திசையிலும் அசைத்துவிட முடியாது. குதிரையின் உடல் சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ். நம்மைவிடக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி அதிகம். மூளை முடக்குவாதத்தால் இறுகிப்போன தொடைத் தசைக்கு அந்தச் சூடும் அசைவும் சேர்ந்து இளக்கம் தருகின்றன.

இதில் குதிரைக்கு உண்மையாகவே பங்கு உண்டா, கால் அகட்டி எதன்மேல் உட்கார்ந்தாலும் போதாதா என்ற கேள்வி நியாயமானது. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அதை நேராகவே சோதித்தது. மூளை முடக்குவாதம் உள்ள 15 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி 8 நிமிடம் நடக்கும் குதிரைமேல், இன்னொரு பாதி அதே 8 நிமிடம் அசையாத பீப்பாய் மேல். இருபக்கத் தசைகளும் சமமாக வேலைசெய்வது குதிரை ஏறிய பிள்ளைகளிடம் கூடியது, பீப்பாயில் உட்கார்ந்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. சிறிய ஆய்வுதான். இந்தத் துறையின் பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை. உடலை நிமிர்த்தி வைத்துக்கொள்வது, சமநிலை, பெரிய தசைகளின் இயக்கம் ஆகியவற்றில் பலன் தெரிகிறது என்கின்றன. நோய் தீரும் என்று அவை சொல்லவில்லை. இந்த வரம்பைத் தெரிந்துகொண்டுதான் மேலே போக வேண்டும்.

ஹெல்சிங்கி வெற்றி செய்தியானதும் நடை முதலில் பக்கத்து நாட்டுக்குப் போனது. நார்வேயில் எல்சபெத் போட்கர் என்ற பிசியோதெரபிஸ்ட் 1950களில் உடல் குறைபாடுள்ள பிள்ளைகளை மட்டக்குதிரைகளில் ஏற்றத் தொடங்கினார். அங்கிருந்து பிரிட்டன். அங்கே சிறுசிறு குழுக்களாக நடந்துவந்த வேலை 1969இல் ரைடிங் ஃபார் தி டிஸேபிள்டு அசோசியேஷன் என்ற ஒரே அமைப்பாயிற்று. அதே 1969இல் வட அமெரிக்காவிலும் இதற்கென ஒரு சங்கம் உருவாகி, பயிற்றுநருக்கும் குதிரைக்கும் விதிமுறைகள் வகுத்தது. இப்போது அதன் பெயர் பாத் இன்டர்நேஷனல். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் இந்த நடை மருத்துவத்தின் கைக்குப் போயிற்று.

இந்த இடத்தில் நடை இரண்டு கிளையாகப் பிரிகிறது. பிரித்துப் பார்க்காவிட்டால் பிறகு எல்லாமே குழம்பும். ஒன்று ஹிப்போதெரபி. அதில் பிள்ளை குதிரை ஓட்டப் பழகுவதில்லை. பிசியோதெரபிஸ்டோ பேச்சுப் பயிற்சி நிபுணரோ குதிரையின் நடையை ஒரு கருவியாகக் கையாள்கிறார்: இந்தப் பிள்ளைக்கு நீண்ட அடி, அந்தப் பிள்ளைக்குக் குறுகிய அடி, இப்போது வட்டம், இப்போது நிறுத்தி மறுபடி கிளப்பு என்று. இன்னொன்று சிகிச்சைக் குதிரையேற்றம். அதில் மாற்றுத்திறனாளியே சவாரி பழகுகிறார். ஓர் உயிரைத் தானே நடத்திப் போகும் தன்னம்பிக்கைதான் அதன் பெரிய பலன். அந்தக் கிளை வளர்ந்து விளையாட்டாகவும் ஆகி, 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் இடம்பிடித்தது.

ஆசியாவுக்கு இந்த நடை வந்த வழியில் சிங்கப்பூர் முக்கியமான நிறுத்தம். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் அந்த ஊரில் 1982 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்ற அமைப்பு இயங்கிவருகிறது. சிங்கப்பூரின் முதல் பாராலிம்பிக் பதக்கத்தை வாங்கித் தந்ததும் குதிரைதான். லாரன்ஷியா டான், மூளை முடக்குவாதமும் செவித்திறன் இழப்பும் உள்ளவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனவர். 5 வயதில் அவரைக் குதிரைமேல் ஏற்றியது போட்டிக்காக அல்ல, உடற்பயிற்சி சிகிச்சைக்காக. 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றார். கைவிரல்களால் வாரைப் பிடிக்க முடியாததால் அவருடைய கடிவாள வாரில் வளையங்கள் தைத்திருக்கும், விரல்களை அவற்றில் நுழைத்துக்கொள்வார். இசைக்கேற்ப குதிரையை நடத்தும் பிரிவில் அவர் போட்டியிடுகிறார். இசை காதில் விழாத ஒருவர் தாளத்தைக் குதிரையின் முதுகிலிருந்தே எடுத்துக்கொள்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இந்தியாவில் இது பெருநகரங்களை ஒட்டி, ஏற்கெனவே குதிரையேற்றப் பள்ளி இருக்கும் இடங்களில், சிறிய அளவில் நடக்கிறது. பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகளே சவாரிப் பள்ளிகளுக்கு வந்து சேர்கின்றன. உயரமான உடம்பு, மெல்லிய தோல், சட்டென்று பாயப் பழக்கிய நரம்பு. அவற்றில் பொறுமையான குதிரைகள் கிடைக்காமல் இல்லை, தேட வேண்டும். பிள்ளையின் இடுப்பை இருபுறமும் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு உயரமான குதிரை சிரமம். குட்டையான, முதுகு அகன்ற, வயது முதிர்ந்து நிதானப்பட்ட குதிரைதான் தோதானது. அதாவது மட்டக்குதிரை.

மட்டக்குதிரை தேனிக்காரர்களுக்குப் புதிதல்ல. போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிப் பக்கமும், அகமலைப் பக்கமும் மலை ஏறினால், வண்டிப்பாதை முடியும் இடத்தில் குதிரைப்பாதை தொடங்கும். காப்பிக்கொட்டையும் மிளகும் எலுமிச்சையும் இலவம்பஞ்சும் இறங்கும். அரிசியும் எண்ணெயும் சிமென்ட்டும் ஏறும். ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப் வழியாகத் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. ரோப் போய்விட்டது, குதிரை இருக்கிறது.

அந்தப் பாதையில் ஏறும் குதிரையைக் கிட்டத்தில் கவனித்துப் பாருங்கள். தலையைத் தாழ்த்தி, மூக்கு தரைக்குப் பக்கமாக வர, வைக்கப்போகும் கல்லை முதலில் பார்க்கும். முன்குளம்பை வைத்து, எடை ஏற்றாமல் ஒரு கணம் நிறுத்தி, கல் ஆடவில்லை என்று தெரிந்த பிறகே உடம்பை அதன்மேல் சாய்க்கும். முன்குளம்பு விட்ட அதே இடத்தில் பின்குளம்பு வந்து உட்காரும். இருபக்கமும் தொங்கும் மூட்டையின் அகலம் அதற்குத் தெரியும். பாறை இடுக்கில் மூட்டை உரசாதபடி உடம்பை விலக்கிக் கொண்டுபோகும். குதிரைக்காரர் மூட்டை கட்டுவதும் பார்க்க வேண்டிய வேலை. இரு பக்க எடையும் சரியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு கிலோ கூடினாலும் சேணம் சரியும், மாலைக்குள் முதுகில் புண் வந்துவிடும். அதனால் ஏற்றி முடித்ததும் பின்னால் போய் நின்று, நடுமுதுகின் கோட்டில் மூட்டைகள் சமமாகத் தொங்குகின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். சிகிச்சைக் குதிரைமேல் பிள்ளையை உட்கார வைத்ததும் பிசியோதெரபிஸ்ட் செய்யும் முதல் வேலையும் அதுதான். பின்னால் போய் நின்று, பிள்ளையின் முதுகெலும்பு குதிரையின் முதுகெலும்புக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஆகவே பாதி வித்தை இங்கே இருக்கிறது. மீதிப் பாதி இல்லை. மலையில் சுமை சுமந்த குதிரை சாது, அதை அப்படியே பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம் என்று யாராவது கிளம்பினால் அது பிள்ளைக்கும் ஆபத்து, குதிரைக்கும் அநியாயம். மூட்டை கட்டியபடி கிடக்கும். பிள்ளை அப்படிக் கிடக்காது. திடீரென்று கை வீசும், கத்தும், ஒரு பக்கம் சரியும், தசை இறுகித் தொடையால் விலாவை நெரிக்கும், பிடரி மயிரைப் பிடித்து இழுக்கும். இதையெல்லாம் குதிரை தன் உடம்புக்கு வந்த மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதற்கும் அசையாமல் நிற்கும் குதிரைகள் இரண்டு வகை. ஒன்று, நடப்பது புரிந்து, பயம் தெளிந்து நிற்கும் குதிரை. அதன் காது ஒன்று உங்கள் பக்கம் திரும்பும், கண் இமைக்கும், வாய் தளர்ந்திருக்கும், பக்கத்தில் போனால் முகர்ந்து பார்க்கும். மற்றது, எதிர்த்துப் பயனில்லை என்று கண்டு உள்ளே ஒடுங்கிவிட்ட குதிரை. பல வருடம் அடியும் பாரமும் பசியும் பார்த்த குதிரைகள் இப்படி ஆகிவிடும். கண் எங்கோ வெறித்திருக்கும், காது அசையாது, தொட்டாலும் தெரியாதது போல நிற்கும். வெளியாட்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஏமாந்துபோவார்கள். ஒடுங்கிய குதிரை நல்ல தீனியும் ஓய்வும் கிடைத்து நான்கைந்து மாதத்தில் உடம்பு தேறியதும், அடக்கிவைத்த பயமெல்லாம் ஒருநாள் வெளியே வரும். அன்று அதன்மேல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கக் கூடாது. அதனால் மலையிலிருந்து வாங்கிவந்த குதிரைக்கு முதல் பாடம் பாடமே இல்லாமல் இருப்பதுதான். புழு மருந்து, பல் ராவுதல், லாடம் சரிசெய்தல், முதுகுப் புண் ஆறுதல், மேய்ச்சல், மற்ற குதிரைகளோடு நிற்பது. உடம்பு தேறிய பிறகு எந்தக் குணம் வெளியே வருகிறதோ, அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிறகு நடையைப் பழக்குவது. மலைக்குதிரையின் அடி குறுகியது, எச்சரிக்கையானது. சமதரையில் அது தோளை அவிழ்த்து நீட்டி நடக்கப் பழக வேண்டும். மணல் பரப்பிய வளாகத்தில் ஆளின்றி, நீளக் கயிற்றில், இரு பக்கமும் மாற்றி மாற்றி நடத்துவார்கள். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தில் அல்லது அதைத் தாண்டி விழுகிறதா என்று மணலில் பார்க்கலாம். ஒரு பக்கம் எட்டியும் மறுபக்கம் எட்டாமலும் போனால் எங்கோ வலி இருக்கிறது. நொண்டும் குதிரை தன் கோணலை அப்படியே பிள்ளையின் இடுப்புக்குக் கற்றுக்கொடுக்கும். ஒரே மையத்தில் பலவித நடைக் குதிரைகள் தேவைப்படுவதும் இதனால்தான். தசை இறுகிய பிள்ளைக்கு நீளமான, வழுக்கிச் செல்வது போன்ற நடை இளக்கம் தரும். தசை தொய்ந்த பிள்ளைக்குக் கொஞ்சம் துள்ளலான, குறுகிய அடிவைக்கும் குதிரை உடம்பை விழிக்க வைக்கும்.

குதிரையில் ஏறுவது காலங்காலமாக இடப்பக்கத்திலிருந்துதான். சிகிச்சைக் குதிரை வலப்பக்கத்திலிருந்து ஏறினாலும், இரு பக்கமும் ஆட்கள் ஒட்டி நின்றாலும் கலங்கக் கூடாது. கடினமான கட்டம் சாய்தளம். சக்கர நாற்காலி மேலே ஏறிவர ஒரு பக்கம் சரிவான மேடை, மறுபக்கம் உதவியாளர் நிற்க இன்னொரு மேடை. நடுவே குதிரை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. குதிரை ஆபத்தைக் கண்டால் ஓடித் தப்பும் பிராணி, அதற்குச் சந்து என்றாலே பொறி. பழக்குநர் முதல் நாளில் அந்தச் சந்து வழியாக நிற்காமல் நடத்திக்கொண்டு வெளியே வருவார், அவ்வளவுதான். சில நாள் கழித்து உள்ளே ஒரு நொடி நிறுத்துவார். பிறகு பத்து நொடி. பிறகு மேடைமேல் காலி சக்கர நாற்காலி உருளும். பிறகு அதன் பிரேக் கிளிக்கென்று சத்தமிடும். பிறகு மேடையிலிருந்து ஒரு பெரிய ஆள் மெல்லத் தன் எடையைக் குதிரையின் முதுகில் சாய்ப்பார், எடுத்துக்கொள்வார். பிறகு காலைத் தூக்கி முன்பக்கமாகப் பிடரிக்கு மேலே கடத்துவார். தொடை அகலாத பிள்ளைக்கு அப்படித்தான் கால் கடத்த வேண்டியிருக்கும், அந்தக் கால் கழுத்தில் இடித்தாலும் குதிரை அடி எடுத்துவைக்கக் கூடாது. ஒவ்வொரு படியிலும் குதிரை தலையை உயர்த்தினால், மூச்சை அடக்கினால், முந்தின படிக்குத் திரும்ப வேண்டும். அவசரப்பட்டு மிரட்டி நிறுத்திய குதிரை அன்று நிற்கும், என்றாவது ஒருநாள் நிற்காது.

சத்தங்களும் ஊருக்கு ஊர் வேறு. மேல்நாட்டுப் பயிற்சிக் குறிப்புகளில் பந்தும் குடையும் பிளாஸ்டிக் பையும் வரும். கம்பம் பள்ளத்தாக்குக் குதிரைக்கு அவை போதாது. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் ஹாரன், திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பு, சித்திரையில் வீரபாண்டி திருவிழாவுக்குப் போகும் தீச்சட்டியும் மேளமும், கல்யாண வீட்டு வேட்டு. இவை எல்லாவற்றையும் தூரத்தில் மெதுவாகத் தொடங்கி, தீனியோடு சேர்த்து, கிட்டே கொண்டுவர வேண்டும். காற்றை மட்டும் பழக்க முடியாது. ஆடி மாதம் கணவாய் வழியாக இறங்கும் காற்றில் நல்ல குதிரையும் மிரளும். எந்தப் பக்கம் சத்தம், எந்தப் பக்கம் வாசனை என்று அதற்குப் பிடிபடாது. அந்த நாட்களில் பிள்ளைகளை ஏற்றாமல் தரையில் நின்று குதிரையைத் தேய்த்துவிடவும் தீனி வைக்கவும் பழக்கலாம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அதுவே போதுமான வேலை.

எடைக் கணக்கைக் கறாராகப் பார்க்க வேண்டும். சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி மட்டக்குதிரைமேல் 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. சிகிச்சைக் குதிரைக்கு இந்த வரம்புகள்கூட அதிகம். சவாரிக்காரர், சேணம் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். 250 கிலோ குதிரை என்றால் 50 கிலோ. அசையும், சரியும் உடம்புக்கு இன்னும் குறைவு. அதாவது இங்குள்ள மட்டக்குதிரைகள் பிள்ளைகளுக்கே தோது. இளம்பிள்ளை வாதம் கண்டு இன்று ஐம்பதைத் தொடும் பெரியவர்களை அவற்றில் ஏற்ற முடியாது. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் அந்த நோய் கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில். அதற்கு முந்தைய தலைமுறையில், லிஸ் ஹார்டெலுக்கு வந்த அதே நோயோடு, காலில் இரும்புக் கேலிப்பர் மாட்டி நடப்பவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நினைக்கும்போது இந்த நடை இங்கே வரத் தாமதமாகிவிட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

யாரை ஏற்றக் கூடாது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்புத் தளர்ந்திருக்கும். மருத்துவர் பரிசோதித்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் ஏற்றினால் முதுகுத்தண்டுக்கே ஆபத்து. கட்டுக்குள் வராத வலிப்பு, நழுவிய இடுப்பு மூட்டு, எளிதில் முறியும் எலும்பு, உட்காரும் இடத்தில் ஆறாத புண், இவை உள்ளவர்கள் யாரும் ஏறக் கூடாது. மதுரை, சிவகங்கைப் பக்கம் புரவி எடுப்பில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிறார்கள், பிள்ளைக்குக் குணமாக வேண்டி மண்ணில் கையும் காலும் செய்து நேர்ந்து வைப்பவர்களும் உண்டு. குதிரைமேல் நம் மக்களுக்கு இருக்கும் அந்த மரியாதை பெரிய பலம். அதைக் காட்டி, இதில் ஏறினால் பிள்ளை நடந்துவிடும் என்று ஒரு தாயிடம் யாரும் காசு பறித்துவிடக் கூடாது. சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரப் பழகும். சில பிள்ளைகள் சிரிக்கும், தூங்கும். சில பிள்ளைகளுக்குப் பசி எடுக்கும். சிலருக்கு எதுவுமே மாறாது.

ஒரு பிள்ளைக்கு ஒரு குதிரை, தலைப்பக்கம் கயிறு பிடிக்க ஒருவர், இருபக்கமும் தொடையைப் பிடித்து நடக்க இருவர், சிகிச்சையைக் கவனிக்க ஒருவர். நான்கு பேர் இல்லாமல் இந்த நடை தொடங்குவதில்லை. தலைப்பக்கம் நிற்பவர் குதிரையைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்க்க மாட்டார். பக்கத்தில் நடப்பவர்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள், குதிரையைப் பார்க்க மாட்டார்கள். தேனி மாவட்டத்தில் இதற்கான ஆட்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வட்டார வள மையங்களுக்கு மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைத் தாய்மார்கள் இடுப்பில் தூக்கிவருகிறார்கள், அங்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். மலையடிவாரத்தில், பாதை போட்டுவிட்டால் பிழைப்பு என்ன ஆகும் என்று யோசிக்கும் குதிரைக்காரர்கள் இருக்கிறார்கள். தார்ச்சாலையும் ஜீப்பும் போகும் ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் சுமைக் குதிரைக்கு வேலை குறைவது இயல்பு. தலைப்பக்கம் கயிறு பிடிக்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் எனக்குத் தெரிந்து யாருமில்லை. குதிரையின் காது திரும்பும் முன்பே அதன் மனசு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அடியை விட்டு, பொறுமைக்கு மாற அவர்களுக்கும் ஒரு பயிற்சி வேண்டும். சம்பளமும் மாதாமாதம் வர வேண்டும்.

ஒரு மையம் தொடங்குவதென்றால் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடைப்பட்ட காலை வேளைகள் ஏற்றவை. பனி விலகி, வெயில் ஏறும் முன் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். ஒரு குதிரைக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள், பிறகு இடைவேளை. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளே இல்லாமல் குதிரை தன் போக்கில் மேய வேண்டும், அல்லது நல்ல சவாரிக்காரர் ஒருவர் அதை வெளியே நீண்ட நடைக்குக் கொண்டுபோக வேண்டும். சமநிலை இல்லாத உடம்புகளைத் தினமும் சுமப்பது குதிரையின் முதுகுக்கும் மனசுக்கும் கடினம். வாரைப் பூட்ட வரும்போதே கடிக்கத் திரும்புவது, வாலை விசிறுவது, சாய்தளத்தைக் கண்டதும் கால் தயங்குவது, இவை அலுப்பின் அடையாளம். அப்படிக் காட்டும் குதிரையைச் சில வாரம் நிறுத்திவைக்க மையத்துக்குத் துணிவு வேண்டும், வெளியே எத்தனை பிள்ளைகள் காத்திருந்தாலும்.

பதினைந்து, இருபது வயதைத் தாண்டிய குதிரைக்கு மூட்டு தேயும், நடையின் சீர் குலையும். அன்றோடு அதன் சிகிச்சை வேலை முடிந்தது. கிழடான சுமைக் குதிரைகள் கைமாறிக் கைமாறிப் போவதும், பஸ் நிலையத்தில் குப்பை மேய்வதும் நாம் பார்க்காத காட்சி அல்ல. அதனால் மையத்தின் வரவுசெலவுக் கணக்கை எழுத உட்காரும் முதல் நாளே பிசியோதெரபிஸ்டின் சம்பளம், குதிரைக்காரரின் சம்பளம், மணல், மேடை, லாடம், மருந்து என்று எழுதிவரும் பட்டியலில், வேலை முடிந்த குதிரை சாகும்வரை தின்னப்போகும் கொள்ளுக்கும் சோளத்தட்டைக்கும் ஒரு வரி எழுதி, அதற்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.